எஞ்சின் நின்ற பிறகு

லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற தன் வீட்டுக்கு நஜீமுதீன் போன் போட்டால், அது அந்தத் தெருவுக்கே போட்ட மாதிரி. அவர் கப்பலின் ஜெனரேட்டர் அறையில் வேலை பார்ப்பவர். வேலை இல்லாத நேரத்தில்கூட அந்தச் சத்தம் அவரை விடாது. படுக்கிற அறைக்கும் வரும், சாப்பிடுகிற மேசைக்கும் வரும், போனுக்குள்ளும் வரும். அந்தத் தடதடப்புக்கு மேலே அவர் கத்துவார். இந்தப் பக்கம் அவர் மனைவி பத்ருன்னிசா வாசலில் வந்து நின்று பதிலுக்குக் கத்துவாள்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்! நீ?"

"சாப்டேன்! இன்ஷாவுக்குப் பரீச்சை!"

"என்னா?"

"பரீச்சை! பரீச்சை!"

"சரி! வைக்கட்டா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய குடித்தனம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. மகள் இன்ஷா பிறந்த சேதி, அவள் காலேஜில் சேர்ந்த சேதி, எல்லாமே இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தைதான். மனசில் இருப்பதையெல்லாம் அப்படிக் கூவிச் சொல்ல முடியுமா? பத்ருன்னிசா சொல்லாமலே விட்டுவிடப் பழகிக்கொண்டாள். லீவில் அவர் வருகிற சில வாரங்களும் விருந்து, கல்யாணம், வந்தவர் போனவர் என்று ஓடிப்போய்விடும்.

ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிச் சருகு நீக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "ஹலோ!" என்று ஒரு கத்து கத்தினாள்.

"பத்ரு" என்றது ஒரு குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. "யாருங்க பேசுறது?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"அடிப்பாவி, நஜீம்டி! உம் புருசன்."

குரல் அவர் குரல்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு பறவை கத்தியது, அவ்வளவுதான். "எஞ்சின் சத்தம் எங்க?" என்று கேட்டாள்.

"அது இல்ல இப்ப. வேற வேலைக்கு மாத்திட்டாங்க. கடல்லதான் இருக்கேன், ஆனா சத்தமே கெடையாது."

கடலில் இருக்கிறார், ஆனால் சத்தம் இல்லை. அவள் அந்தப் பேச்சை நம்பவில்லை. வேலை போய்விட்டது, எங்கோ ஒரு அறையில் முடங்கிக்கொண்டு சமாளிக்கிறார் என்றுதான் நினைத்தாள். ஊரில் அப்படி நடந்திருக்கிறது. வேலை போன ஒருவர் மாதக்கணக்கில் வீட்டுக்குச் சொல்லாமலே காலம் தள்ளி, கடைசியில் இளைத்துத் துரும்பாக வந்து இறங்கினார்.

"நெசத்த சொல்லுங்க. வேல போயிருச்சா? போனா போவுது, வூட்டுக்கு வாங்க. நமக்குக் கஞ்சி இல்லாமயா போயிடும்?"

நஜீமுதீன் சிரித்துவிட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். துறைமுகத்தில் இடம் கிடைக்கும்வரை கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். சில கப்பல் வாரக்கணக்கில்கூட நிற்கும். நின்றாலும் விளக்கு எரியணும், பம்பு ஓடணும், சமையலறை நடக்கணும், ஆளுக்கு ஏசி வேணும். அதற்காக ஒவ்வொரு கப்பலும் இராப்பகலாக எண்ணெயை எரித்துப் புகை கக்கிக்கொண்டே நிற்கும். இப்போது அவர் கம்பெனி ஒரு பெரிய மிதவையைக் கொண்டுவந்திருக்கிறது. அதன்மேல் பூராவும் பேட்டரி. கரையில் சோலாரில் வருகிற கரண்ட்டை அதில் ஏற்றி, கப்பல் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, கேபிளை மாட்டிவிட்டால் கப்பல் தன் ஜெனரேட்டரை நிறுத்திவிடலாம்.

"கோடைல நம்ம ஊருக்குத் தண்ணி லாரி வரும்ல? அது மாதிரிதான் பத்ரு. இது கரண்ட்டு லாரி, கடல்ல."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை வைத்த கையோடு தம்பி அன்சாரைக் கூப்பிட்டாள். அன்சாரும் வெளிநாட்டில் அதே துறைமுகத்தில்தான் இருந்தான். நங்கூரம் போட்ட கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோகிற படகில் அவனுக்கு வேலை.

"தம்பி, உங்க மச்சான் எங்க இருக்காருன்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. அவருகிட்ட நான் கேட்டேன்னு மூச்சு விட்றாத."

இரண்டு நாளில் அன்சார் வீடியோ அனுப்பினான். பத்ருன்னிசாவும் இன்ஷாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கல்யாண மண்டபத்தின் தரையைப் பெயர்த்துக் கடலில் விட்டது போல ஒரு தட்டையான மிதவை. அதன்மேல் வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். அதை ஒட்டி மலை மாதிரி ஒரு கப்பல். ஆரஞ்சு உடுப்பும் ஹெல்மெட்டுமாக நஜீமுதீன், கிரேனில் தொங்குகிற கேபிளைக் கைகாட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கப்பலின் புகைபோக்கியிலிருந்து வந்த கரும்புகை மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது. கப்பலின் மேல்தட்டில் நின்ற இரண்டு மாலுமிகள் கீழே பார்த்துக் கைதட்டினார்கள். அவரும் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார்.

பத்ருன்னிசா அரியலூர்ப் பெண். சிமெண்ட் லாரிகள் போகிற சாலையோரத்தில் வளர்ந்தவள். கொடியில் காய்கிற துணியில் படிந்த தூசியைத் தட்டித் தட்டி மடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"பொகைய நிறுத்துற வேலைக்கு ஆளு போட்டுருக்காங்க பாரு. அது உங்கத்தா" என்றாள் மகளிடம். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. தினமும் அஸருக்குப் பிறகு போன் வரும். அவள் வாசலுக்குப் போகமாட்டாள். அடுப்படி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். முதல் சில நாள் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. "சாப்டீங்களா", "சாப்டேன்" முடிந்ததும் இரண்டு பேரும் புதுசாக நிச்சயமானவர்களைப் போலத் திணறினார்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு ஊறியது. நங்கூரக் கப்பலின் சமையல்காரர் ஒருவர் வாளியில் பொரித்த மீனை வைத்துக் கயிற்றில் இறக்கிவிடுவதை அவர் சொன்னார். "சத்தமில்லாம தூங்கி எவ்ளோ நாளாச்சுன்னு அந்தாளு கண்ணு கலங்கிட்டாரு பத்ரு." பெருநாளுக்கு அவர் எடுத்துத் தந்த புடவை தனக்குப் பிடிக்கவே இல்லை, அவர் மனசு சங்கடப்படக் கூடாதென்றுதான் உடுத்தியதாக அவள் சொன்னாள். எந்தப் பெருநாள் என்று அவர் கேட்க, அவள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அது இன்ஷா கைக்குழந்தையாக இருந்த வருஷத்துப் புடவை.

"அம்மா, யாருகூடம்மா லவ்வு?" என்று இன்ஷா அடுப்படிப் பக்கம் எட்டிப்பார்த்துக் கேலி செய்வாள்.

"போடி அங்கிட்டு" என்பாள் பத்ருன்னிசா. காது வரைக்கும் சிவந்திருக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் ஒருநாள் அதைச் சொன்னாள். சில மாதமாகவே அவளுக்கு அடிவயிற்றில் வலி இருந்தது. பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியதில், கர்ப்பப்பையில் சின்னக் கட்டி இருக்கிறது, பயமில்லை, கவனித்து வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். முன்பென்றால் இதை அவரிடம் சொல்லியே இருக்கமாட்டாள். வாசலில் நின்று கூவுகிற சங்கதியா அது? இன்ஷா மாடியில் படித்துக்கொண்டிருந்ததால் குரலை இன்னும் தாழ்த்தி, ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தாள்.

 அந்தப் பக்கம் அவர் உற்சாகமாக, "ஆவட்டும் ஆவட்டும், நல்லதுதானே! செஞ்சிரு" என்றார்.

பத்ருன்னிசா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து போன் வந்தால் ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிச் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது ஒரு வலியாகத் தெரியவில்லை. பேசிய பிறகு இப்படி ஒரு பதில் வந்ததுதான் தாங்கவில்லை. நஜீமுதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னா பத்ரு, கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி இருக்கும்போதுதான் அவருக்கு லீவு வந்தது.

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து நின்றபோது அவளுக்குக் கோபம் பாதி போய்விட்டது. மனுஷர் மெலிந்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. எப்போதும் உடம்போடு வருகிற எண்ணெய் வாடையும் இருமலும் இந்த முறை வரவில்லை. மீதிப் பாதிக் கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில், அவர் நாற்காலியில் அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கழுவி வைத்த மீன் தட்டு அவருக்குப் பின்னால் இருந்தது. பூனை ஒன்று ஜன்னல் வழியாக இறங்கியது.

"ஏங்க, பூன! பூனய வெரட்டுங்க!"

அவர் பேப்பரைப் புரட்டினார்.

"ஏங்க!"

பூனை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு அவர் காலோரமாகவே ஓடியது. அப்போதுதான் அவர் துள்ளி எழுந்தார். "அடச்சே, பூன! சொல்லக் கூடாதா பத்ரு?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இன்ஷா நேரே வந்து நின்று பேசினால் சரியாகப் பதில் சொல்கிறார். பக்கவாட்டில் பேசினால் சிரித்துத் தலையாட்டுகிறார். கண் எப்போதும் பேசுகிறவர்கள் வாயின் மேலேயே இருக்கிறது.

சாயங்காலம் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து, முந்தானையால் முகம் துடைக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்: "உங்க தலைல ஒரு கல்லத் தூக்கிப் போடட்டுமா?"

"போடு போடு. கொஞ்சமா போடு, இனிப்பு ஜாஸ்தி வேணாம்" என்றார் நஜீமுதீன்.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் முந்தானையை எடுத்துவிட்டு, வாய் நன்றாகத் தெரியும்படி கேட்டாள்.

"எத்தன நாளா காது கேக்கல உங்களுக்கு?"

 அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எஞ்சின் நின்னதுக்கு அப்பறந்தான் பத்ரு எனக்கே தெரிஞ்சுது. ஜெனரேட்டர் ரூம்புல எவனுக்கும் எதுவும் கேக்காது, எல்லாருந்தான் கத்துவோம். இந்த மிதவைக்கு வந்தா எல்லாரும் சாதாரணமா பேசிக்கிறானுவ. எனக்கு மட்டும் வாய் அசையிறதுதான் தெரியிது."

"வருசா வருசம் டெஸ்ட்டு வெப்பாங்கன்னு சொல்லுவீங்களே?"

"சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். நான் நர்சு கையப் பாத்து அமுக்கிருவேன்" என்றார், பள்ளிக்கூடப் பையன் மாட்டிக்கொண்ட முகத்தோடு. "தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிருவாங்களோன்னு பயம். போனுல சத்தத்த முழுசா வெச்சுக்குவேன். அப்பிடியும் நீ கொரலத் தாழ்த்துனா விட்டுப்போயிரும். உன் கொரல் கேட்டுக்கிட்டு இருந்தா போதும்னு தலையாட்டிக்கிட்டு இருப்பேன்."

"அப்ப நான் அன்னிக்குச் சொன்னது?"

"என்னிக்கு?"

அவள் சொன்னாள். கட்டியைப் பற்றி, டாக்டரம்மாவைப் பற்றி, அவர் சொன்ன "செஞ்சிரு" பற்றி. அவர் முகத்தில் இரத்தமே இல்லாமல் போனது. மாடிக்கு ஓடு மாற்றுவதைப் பற்றித்தான் அவள் பேசுகிறாள் என்று நினைத்தாராம். முந்தின வாரம் அது பேச்சில் வந்ததாம். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்னா மனுசன்டி நானு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்க பாக்குறது கரண்ட்டு வேல. மேலேருந்து ரேடியோல சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

அவர் மெதுவாகச் சொன்னார். ஒருமுறை கப்பலில் இருந்த தமிழ்ப் பையன் ரேடியோவில் "பொறுங்க" என்று சொன்னதை "போடுங்க" என்று எடுத்துக்கொண்டு கேபிள் பக்கம் நகர்ந்துவிட்டாராம். கூட இருந்தவர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாராம்.

பத்ருன்னிசா எழுந்து நின்றாள். "நாளைக்கே பெரம்பலூர் போறோம். காது டாக்டர்ட்ட காட்டுறோம். கம்பெனிலயும் சொல்றீங்க."

"கம்பெனில எதுக்கு..."

"எனக்கு வேலைக்குப் போற புருசன் வேணாம், உசுரோட இருக்குற புருசன் போதும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "சரி. ஆனா ஒன்னு. மொதல்ல உன் டாக்டரம்மாகிட்ட என்னையக் கூட்டிட்டுப் போவணும். அங்க நான் எல்லாத்தையும் கேக்கணும்."

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இரைச்சலில் அவள் அவர் காதுக்குள் கத்த வேண்டியிருந்தது. "பயமா இருக்கா?" என்று கத்தினாள். "என்னா?" என்றார். குன்னத்தில் வண்டி நின்று எஞ்சின் அடங்கிய அந்த நொடியில்தான் அவள், "எனக்கு உங்களவிட்டா யாருங்க இருக்கா?" என்று பெருங்குரலில் சொல்லி முடித்தாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டு அம்மா ஒருத்தி, "நல்லா கேளு தாயி" என்றாள். பெரம்பலூர் வரும்வரை பத்ருன்னிசா தலையை நிமிர்த்தவில்லை. நஜீமுதீன் மட்டும் சிரித்த முகம் மாறாமல் வந்தார். அது அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

டாக்டரம்மா அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். கட்டி வளரவில்லை, மாத்திரை போதும், வருஷத்தில் இரண்டு தடவை ஸ்கேன் எடுத்தால் சரி. அதைக் கேட்ட பிறகுதான் அவர் தன் காதைக் காட்டச் சம்மதித்தார்.

காதைச் சோதித்த பெண் நந்தினி சின்ன வயசுக்காரி. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் சோதனை செய்தாள். நஜீமுதீனின் பழைய வித்தை அங்கே பலிக்கவில்லை. பல வருஷ இரைச்சலில் கெட்டது திரும்ப வராது, ஆனால் கருவி மாட்டினால் பேச்சு கேட்கும் என்று சொன்னாள். அடுத்த வாரம் போய், காதுக்குப் பின்னால் பொத்தான் வைத்த கருவியை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, பஸ் ஸ்டாண்டு அவரை அடித்துத் தள்ளியது. ஹாரன், கண்டக்டர் விசில், பூக்காரம்மாவின் கூவல்.

"யா அல்லா, இதுக்கு எஞ்சின் ரூம்பே தேவல!" என்று காதைப் பொத்திக்கொண்டார். பத்ருன்னிசா அவரை ஓரமாக ஒரு பழக்கடைப் பக்கம் கூட்டிப்போய், "பழகிடுங்க, பொறுங்க" என்றாள். அவர் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அவள் சொன்னாள். ஆரஞ்சு வாங்குகிற சாக்கில் அவர் அவளை இன்னும் நாலைந்து முறை பேசவைத்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் மேலதிகாரி ஒரு மலையாளி. முதலில் நன்றாகத் திட்டினார். ரேடியோவைத் தப்பாகக் கேட்டு உன் உயிரோடு நாலு பேர் உயிரும் போயிருக்கும் என்று திட்டினார். பிறகு இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கேபிள் வேலைக்கு இனி விடமுடியாது. மிதவையிலேயே பேட்டரியைக் கவனிக்கிற அறையில் உட்கார வேண்டும். திரையைப் பார்த்து, ஏறுகிற கரண்ட்டையும் இறங்குகிற கரண்ட்டையும் சரிபார்க்கிற வேலை. நஜீமுதீனுக்கு நிம்மதிதான். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"மேலேருந்து கைதட்டுவானுவ பத்ரு. பொகை நிக்கிறப்ப. ரூம்புக்குள்ள இருந்தா அது தெரியாது."

"நான் தட்டுறேன், போதாதா?" என்றாள். போதாது என்று அவளுக்கும் தெரியும். அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

திரும்பிப் போவதற்கு முன் அரியலூரில் அவள் அத்தாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வரப் போனார்கள். ரயிலடிப் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, அகப்பட்டவர்களிடம் பேசுவதையே முழுநேர வேலையாக வைத்திருந்தார். பிரியாணி ஆனதும் மருமகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ள, நடுக்கடல்ல நிக்கிற கப்பலுக்கெல்லாம் கரண்ட்டு குடுக்குறீங்க. எங்க தெருவுல சாயங்காலமானா கரண்ட்டு போவுது. அங்கேருந்து ஒரு வயரு இழுத்து வுடக் கூடாதா?"

"பாக்குறேன் மாமா" என்று நஜீமுதீன் சிரித்தார்.

அத்தாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கிருந்து பேச்சிலேயே ஈ.பி. ஆபீசுக்குப் போனார். ஈ.பி. ஆபீசிலிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் போனார். லாரியிலிருந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் தன்னோடு வாய்க்கால் தகராறு செய்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்தத் தகராறு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

பத்ருன்னிசா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள், தற்செயலாகத்தான் அதைக் கவனித்தாள். நஜீமுதீன் தலையைக் கோதுகிற மாதிரிக் கையை உயர்த்தினார். விரல் இடது காதுக்குப் பின்னால் ஒரு நொடி நின்றது. அப்புறம் வலது காதுக்குப் பின்னால். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, முன்னைவிட மரியாதையாக மாமனாரைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கினார். முகத்தில் அப்படி ஒரு அமைதி.

அவள் தட்டை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தா பார்க்காத நேரத்தில் அவர் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். அவர் துள்ளினார்.

"என்னா மாப்ள?" என்றார் அத்தா.

"ஒன்னுமில்ல மாமா, எறும்பு" என்றார் நஜீமுதீன், அத்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டே.

பத்ருன்னிசாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டு, அத்தாவின் வாய்க்கால் கதைக்கு அவளே "அப்பறம் அத்தா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.